கவிஞர் வாழ்ந்த ஆறாம் எண் வீடு

செனாவாங்,
புதன்கிழமை காலை

பாசத்துக்கும் கொஞ்சம் பயத்துக்கும் உரிய விக்டோரியா அக்காவுக்கு,

தம்பி ஆம்புரோஸ் வணக்கத்துடன் எழுதுவது. ஆண்டவர் கிருபையில் இங்கே நானும் குளோரியாவும் உடம்பளவில் சுகம். அங்கே தைப்பிங்கில் நீங்களும் அத்தான் பேட்ரிக்கும் சுகமாக இருக்கப் பூசையில் வேண்டிக்கொள்கிறேன். மனதளவில் நான் சுகமாக இல்லை. எழுபது வயதில் ஒரு மனிதன் ஒரே மத்தியானத்தில் பெற்றவர்களின் வீட்டைக் கையெழுத்துப் போட்டு அடுத்தவருக்குக் கொடுத்துவிட்டு, கூடப்பிறந்தவளின் ரகசியத்தையும் கண்ணாடிப் பெட்டிக்குள் விட்டுவிட்டு வந்தால் எப்படி இருப்பானோ, அப்படி இருக்கிறேன். இதைப் போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் அத்தான் எந்த அழைப்பு வந்தாலும் ஸ்பீக்கரில் போட்டுத்தான் உங்களைப் பேசவிடுவார். கடிதம் என்றால் அந்தப் பயம் இல்லை. அவர் இங்கிலீஷ் பள்ளியில் படித்தவர், தமிழில் தன் பெயரையே எழுத்துக்கூட்டித்தான் படிப்பார். ஆகையால் இதை நீங்கள் மட்டும், வாய்விட்டுப் படிக்காமல், படிக்க வேண்டும்.

போன மாதம் பேப்பரில் ஒரு செய்தி வந்தது. லிங்கிப் பக்கம் நாம் பிறந்து வளர்ந்த தோட்டத்தில், மிச்சம் இருக்கும் ஒரே லயத்து வீட்டுவரிசையில், கவிஞர் பாலருவியார் வாழ்ந்த வீட்டை நினைவில்லமாக்கித் திறந்திருக்கிறார்களாம். பாலருவியார் என்றால் உங்களுக்கு உடனே பிடிபடாது. நம் பக்கத்து வீட்டு முனியாண்டி மாமாதான். காலையில் ரப்பர் பால்மரம் சீவிவிட்டு, மாலையில் பத்திரிகைக்குக் கவிதை எழுதி, அறுபத்தெட்டில் நெஞ்சுவலி வந்து முப்பத்தாறு வயதிலேயே போனாரே, அவர்தான். கல்யாணம் ஆன நாளிலிருந்து, அதாவது நாற்பத்து மூன்று வருடமாக, குளோரியாவிடம் நான் ஒரு கவிஞர் பக்கத்தில் வளர்ந்தவன் என்று சொல்லி வந்திருக்கிறேன். கொஞ்சம் கூட்டியும் சொல்லியிருக்கிறேன். எழுதியதை முதலில் எனக்குத்தான் படித்துக் காட்டுவார், நான் தலையாட்டினால்தான் தபாலில் போடுவார் என்கிற அளவுக்கு. உண்மையில் அவர் என்னிடம் பேசியதெல்லாம், "டேய், அந்தப் பன்னியக் கொஞ்சம் கத்தாம பாத்துக்கடா" என்பது ஒன்றுதான். குளோரியா செய்தியைப் படித்துவிட்டு, ஒரு நடை போய்ப் பார்த்து வந்துவிடலாம், அப்போதுதான் நீங்கள் சொன்னதில் எது நிஜம் என்று தெரியும் என்றாள். எனக்கும் ஆசைதான். கவிஞரின் பக்கத்து வீட்டுக்காரன் என்று தெரிந்தால் முன்வரிசையில் உட்காரவைப்பார்கள், இரண்டு வார்த்தை பேசச் சொல்வார்கள் என்று நினைத்து, பூப்போட்ட பாத்தேக் சட்டை போட்டுக்கொண்டு, இரண்டு பக்கத்துக்கு உரையும் எழுதிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து என் காடியில் கிளம்பினோம். பாதி வழியில் காடியின் ஏர்கோன் நின்றுவிட்டது. முன்னால் எண்ணெய் ஆலைக்குச் செம்பனைக் குலை ஏற்றிய லோரி ஒன்று போனது, ஒதுங்கவும் இல்லை, வேகமாகவும் போகவில்லை. அது அடித்த தூசியெல்லாம் திறந்திருந்த ஜன்னல் வழியாக என் பாத்தேக் சட்டைக்கு வந்தது. தோட்டத்துக்குள் நுழைந்த பிறகு வழி தெரியவில்லை, அக்கா. நம் காலத்து ரப்பர் மரம் ஒன்றுகூட இல்லை. எங்கே திரும்பினாலும் ஒரே மாதிரி செம்பனை, ஒரே மாதிரி மண் ரோடு. மூன்று முறை அதே பாலத்துக்கு வந்து சேர்ந்தோம். கடைசியில் மோட்டார் சைக்கிளில் போன ஒரு வங்காளதேசத்துத் தொழிலாளிதான், நான் பிறந்த வீட்டுக்கு எனக்கு மலாயில் வழி சொன்னார். குளோரியா கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் அப்படிப் பார்த்தால் என்ன அர்த்தம் என்று உங்களுக்குத் தெரியும்.

லயத்தைப் பார்த்ததும் காடியை நிறுத்தினேன். வாசலில் வாழைமரம் கட்டி, பெயர்ப்பலகை மாட்டி, கோலாலம்பூரிலிருந்து வந்த இலக்கிய வட்டத்துக்காரர்கள் பத்துப் பன்னிரண்டு பேர் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள். பலகையில் ‘கவிஞர் பாலருவியார் நினைவில்லம்’ என்று பெரிய எழுத்தில் இருந்தது. பலகை மாட்டியிருந்தது நம் வீட்டில். முனியாண்டி மாமா வீடு நம் வீட்டை அடுத்த கடைசி வீடு அல்லவா? அந்த இடத்தில் வீடே இல்லை. அங்கே வெள்ளைச் சுண்ணாம்பு அடித்துப் புதிதாக ஒரு கழிவறை கட்டியிருந்தார்கள். ஆண்கள் பக்கம் ஒருவர் வரிசையில் நின்றுகொண்டிருந்தார்.

எப்படி இப்படி ஆனது என்பது எனக்குப் பிறகுதான் விளங்கியது. நம் காலத்தில் நாம் ஐந்தாம் எண், அவர் ஆறாம் எண். நாம் எழுபத்தொன்பதில் சிரம்பானுக்குக் குடிபெயர்ந்த பிறகு, லயத்தின் முன்கோடியில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக்கொட்டகையைக் கட்டி, அதற்கு ஒன்றாம் எண் கொடுத்துவிட்டார்கள். மற்ற வீடுகளெல்லாம் ஒவ்வொரு எண் தள்ளிப் போனதில் நாம் ஆறாகிவிட்டோம். நினைவில்லக் குழுவினரிடம் கவிஞருக்கு வந்த பழைய கடித உறைகள் இருக்கின்றன, எல்லாவற்றிலும் ஆறாம் எண். அவர்கள் ஆறாம் எண் வீட்டைப் பாதுகாத்துவிட்டு, ஏழாம் எண் வீட்டை இடித்துக் கழிவறை கட்டிவிட்டார்கள். நாம் போனதற்குப் பின் நம் வீடு உரமூட்டை அடுக்கும் கிடங்காக இருந்ததால் யாரும் குடியிருக்கவில்லை, யாரும் சாயம் பூசவில்லை. நாம் விட்டு வந்தது விட்டு வந்தபடி இருக்கிறது.

குழுவின் செயலாளர் கணேசமூர்த்தி ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். பத்துப் பேருக்கு ஒலிபெருக்கி வைத்துப் பேசினார். முதலில் முன்னறைச் சுவரைக் காட்டினார். அப்பா இருபது வருடம் சிலுவை மாட்டியிருந்த இடத்தில் சுண்ணாம்பு மங்காமல் சிலுவை வடிவத்திலேயே வெள்ளையாக நிற்கிறது. கவிஞர் எல்லாச் சமயத்தையும் தம் வீட்டில் ஏற்றி வைத்தவர் என்பதற்கு இதைவிட என்ன சான்று வேண்டும் என்று கேட்டார். எல்லோரும் கைதட்டினார்கள். குளோரியாவும் தட்டினாள். அடுத்து அறைக்கதவின் நிலை. வருடா வருடம் ஈஸ்டர் அன்று அம்மா நம் இருவரையும் நிற்கவைத்து உயரம் பார்த்துக் கத்தியால் கீறி, பக்கத்தில் ‘வி’ என்றும் ‘ஆ’ என்றும் போடுவார்களே, அத்தனை கீறலும் அப்படியே இருக்கிறது. ‘வி’ என்றால் விருத்தமாம், ‘ஆ’ என்றால் ஆசிரியப்பாவாம். கவிஞர் யாப்புப் பழகிய சுவடுகளாம். எல்லாக் கீறலிலும் ‘வி’ மேலே இருப்பதால் கவிஞர் கடைசிவரை விருத்தத்தையே உயர்வாகக் கருதினார் என்று ஒரு பேராசிரியர் கட்டுரை எழுதியிருக்கிறாராம். நான் பதினான்கு வயதுவரை குட்டையாக இருந்தது இலக்கியம் ஆகிவிட்டது, அக்கா.

பின்வாசலுக்குக் கூட்டிப்போனார். நம் பன்றிக் கொட்டகைக்குப் புது அத்தாப்பு ஓலைக் கூரை போட்டு, உள்ளே ஒரு மேசை, ஒரு நாற்காலி, மேசைமேல் ஒரு மைக்கூடு வைத்திருக்கிறார்கள். ‘கவிஞர் தனிமையில் சிந்தித்த குடில்’ என்று எழுதி மாட்டியிருக்கிறது. கோலாலம்பூர்க்காரர் ஒருவர் உள்ளே போய், கண்ணை மூடிக்கொண்டு, இங்கே ஓர் அதிர்வு இருப்பதாகச் சொன்னார். நான் ஐந்து வருடம் காலையும் மாலையும் கழுவிய இடம். எனக்கு அப்போதே வாயைத் திறந்துவிட வேண்டும் போல இருந்தது. மரியாதைக்குப் பொறுத்துக்கொண்டு, சுற்றிக்காட்டி முடித்ததும் கணேசமூர்த்தியைத் தனியாக அழைத்துச் சொல்வோம் என்று உள்ளே வந்தேன். உள்ளே வந்து பார்த்தால் கண்ணாடிப் பெட்டி.

அக்கா, இந்த இடத்தில் நீங்கள் உட்கார்ந்துகொள்ளுங்கள். பெட்டிக்குள் ஒரு நோட்டுப் புத்தகம். கூரைப் பலகை இடுக்கிலிருந்து எடுத்தார்களாம். நீல அட்டை, மூலையில் எலி கடித்திருக்கிறது. அட்டையில் பெயர் இல்லை. ஆனால் ‘ழ’ போடும்போது வாலை இழுத்து அடுத்த எழுத்துக்குக் கீழே கொண்டுபோகும் பழக்கம் இந்த நாட்டில் ஒருவருக்குத்தான் உண்டு. என் பள்ளிப் பாடங்களுக்கெல்லாம் பாதி நீங்கள் எழுதிக் கொடுத்தீர்கள், எனக்குத் தெரியாதா? திறந்து வைத்திருந்த பக்கத்தில் தேதி, அறுபத்தெட்டு ஜூலை. கீழே இப்படி இருந்தது:

இன்றும் மழை விட்டது.
இன்றும் நாய் குரைத்தது.
குரைத்தது
வேறு யாரையோ.

இது கவிஞரின் இறுதிக் காலத்து ஞானநிலை என்று கணேசமூர்த்தி சொன்னார். மழை மாயை, நாய் மனம், வராதவர் இறைவன். நோட்டு முழுக்க நாற்பத்தொரு கவிதைகள், எல்லாவற்றிலும் யாரோ வரவில்லை. அடுத்த மாதம் சிரம்பானில் புத்தகமாக வெளியிடுகிறார்கள். கவிஞர் அதுவரை எழுதிய எதுவும் இதற்குப் பக்கத்தில் நிற்காது என்று பேராசிரியர் முன்னுரை கொடுத்திருக்கிறாராம்.

நான் அந்தப் பெட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அறுபத்தெட்டில் உங்களுக்குப் பதினேழு வயது. அத்தானை அப்போது நீங்கள் பார்த்ததே இல்லை, அவர் எழுபத்திரண்டில்தான் வந்தார். அப்படியென்றால் வராதவர் யார், அக்கா? நான் வரிசையாக நினைத்துப் பார்த்தேன். முனியாண்டி மாமாவாக இருக்க முடியாது, அவர் வராத நாளே கிடையாது, உப்பு, மிளகாய், தீப்பெட்டி என்று தினமும் நம் வாசலில்தான் நின்றார். செவ்வாய்க்கிழமை வரும் மருந்துக்காரரா? பால் ஏற்ற வரும் லோரிக்காரரா? மாதம் ஒருமுறை பூசைக்கு வந்த சாமியார் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள், என்னால் தாங்க முடியாது. நாய் அவரைக் கண்டால் மட்டும் குரைக்காது என்பதும் எனக்கு அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

அந்த நேரம் பார்த்துக் கணேசமூர்த்தி, கவிஞரின் ஒரே மகள் வந்திருக்கிறார் என்று ஒலிபெருக்கியில் அறிவித்தார். லோகேஸ்வரி. உங்களுக்கு நினைவிருக்கும், மாமா இறந்தபோது மூன்று வயதுக் குழந்தை. வேலையாள் இல்லாத குடும்பத்துக்கு வீடு கிடையாது என்று இரண்டே வாரத்தில் தாயையும் பிள்ளையையும் காலிசெய்யச் சொன்னார்கள், அம்மா ஒரு பை அரிசி கொடுத்து அனுப்பினார்கள். இப்போது சிரம்பான் லோபாக்கில் தையல்கடை வைத்திருக்கிறார். அறுபது வயதுக்குத் தலை முழுக்க நரைத்துவிட்டது. அவர் நேராக அந்தக் கதவு நிலைக்குப் போனார், என் ஒன்பது வயதுக் கீறல் இருக்கும் இடத்தில் கன்னத்தை வைத்துக்கொண்டு அழுதார். சத்தம் போட்டு அழவில்லை. தோள் மட்டும் குலுங்கியது. ஒலிபெருக்கி நின்றுவிட்டது, எல்லோரும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அந்த அமைதியில்தான் குளோரியா கணேசமூர்த்தியிடம், என் வீட்டுக்காரர்கூட இந்தத் தோட்டத்தில் பிறந்தவர்தான் என்று சொல்லித் தொலைத்தாள். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அறுபத்தெட்டுல இங்கயா இருந்தீங்க? எந்த வீடு?"

இது எங்கள் வீடு என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். சத்தியமாக. லோகேஸ்வரி தலையைத் திருப்பி என்னைப் பார்த்தார்.

"பக்கத்து வீடு" என்றேன்.

அது பொய்யில்லை என்று முதலில் என்னையே சமாதானம் செய்துகொண்டேன். யாருக்குப் பக்கம் என்று அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. ஆனால் அதோடு நிற்கவில்லை. குழுவில் இரண்டு பேர் இது சரியான வீடுதானா என்று சந்தேகம் கிளப்பிக்கொண்டிருந்தார்களாம், உயிரோடு ஒரு சாட்சி கிடைக்காதா என்று கணேசமூர்த்தி ஆறு மாதமாகத் தேடிக்கொண்டிருந்தாராம். எனக்குப் பொன்னாடை போர்த்தினார். அந்த வெயிலில், ஏற்கெனவே நனைந்த சட்டைமேல். கைப்பேசியில் படம் பிடித்தார்கள். கவிஞர் எங்கே உட்காருவார் என்று கேட்டார்கள், அப்பா உட்காரும் இடத்தைக் காட்டினேன். எங்கே படுப்பார் என்றார்கள், அப்பா படுக்கும் இடத்தைக் காட்டினேன். குடில் பற்றிக் கேட்டபோது, அங்கே எப்போதும் ஒரு சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும் என்று சொன்னேன். அதையும் எழுதிக்கொண்டார்கள். கடைசியில் ஒரு தாளை நீட்டினார்கள். மேற்படி வீடு கவிஞர் பாலருவியார் வாழ்ந்த வீடுதான் என்பதை நேரில் அறிந்தவன் என்ற முறையில் உறுதி செய்கிறேன் என்று அச்சடித்திருந்தது. கையெழுத்துப் போட்டேன். அடையாள அட்டை எண்ணும் எழுதினேன். என் பையில் இருந்த இரண்டு பக்க உரையை யாரும் கேட்கவில்லை.

காடியில் ஏறிப் பிரதான சாலைக்கு வந்ததும் குளோரியாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவாள் என்று நினைத்தேன். ஆனால் அவள் சொன்னது இதுதான்:

"கல்யாணம் ஆகி இத்தன வருஷத்துல இன்னிக்குத்தான் மாமியார் வீட்டுக்குப் போயிருக்கேன். அங்க வச்சே ஒரு வார்த்த காதுல சொல்லியிருந்தா, அந்த அடுப்பங்கரையக் கொஞ்சம் நின்னு பாத்திருப்பேன்லா."



இப்போது என் நிலைமையைப் பாருங்கள். உண்மையைச் சொன்னால் அப்பா அம்மா வாழ்ந்த வீடு அவர்கள் பெயருக்குத் திரும்பும், ஆனால் அந்தப் பெண்ணின் தகப்பன் வீடு கழிவறை ஆகிவிடும், உங்கள் நோட்டின் கதையும் தைப்பிங் வரை வந்துவிடும். சொல்லாமல் விட்டால், அம்மா கீறிய கீறல் விருத்தமாகவும் நான் கழுவிய கொட்டகை குடிலாகவும் நீங்கள் காத்திருந்த காத்திருப்பு இறைவனுக்காகவும் ஆகி, அதற்கு என் கையெழுத்தே சாட்சியாக நிற்கும். மூன்று நாளாகச் சோறு இறங்கவில்லை. பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். சாமியார் முழுக்கக் கேட்டுவிட்டு, அந்த நினைவில்லம் எத்தனை மணிக்குத் திறப்பார்கள் என்று விசாரித்தார். ஆகையால் நானே முடிவு செய்துவிட்டேன். வருகிற ஞாயிறு மறுபடி போகிறேன். எல்லார் முன்னாலும் ஒலிபெருக்கியை வாங்கி, இது என் அப்பா வீடு, நான் பொய்ச்சாட்சி சொன்னேன் என்று சொல்லிப் பொன்னாடையைத் திருப்பிக் கொடுத்துவிடுவேன். நோட்டைப் பற்றி உங்கள் விருப்பம் எப்படியோ அப்படி. என்னை மன்னிப்பீர்களோ மாட்டீர்களோ, எழுதிக் கேட்டாவது வைக்கிறேன்.

அத்தானின் முழங்கால் வலி குறைய வேண்டிக்கொள்கிறோம். குளோரியா தன் அன்பைச் சொல்லச் சொன்னாள். தேவமாதாவின் நிழல் உங்கள் வீட்டின்மேல் எப்போதும் இருக்கட்டும்.

தங்கள் காலடியில் உள்ள தம்பி,
ஆம்புரோஸ்

பின்குறிப்பு: மேலே எழுதியதில் எதையும் மனதில் வைத்துக்கொள்ள வேண்டாம். தபால்தலை வாங்க மறந்ததால் கடிதம் இத்தனை நாளும் மேசைமேலேயே கிடந்துவிட்டது, இன்று திங்கட்கிழமை. நேற்றுப் போனேன். கூட்டம் வருவதற்கு முன்பே போய்விட்டேன், லோகேஸ்வரி மட்டும் தனியாக வாசல் பெருக்கிக்கொண்டிருந்தார். எல்லோருக்கும் முன்னால் இவரிடம் சொல்வதுதான் முறை என்று தோன்றியது. சொன்னேன். அவர் பெருக்குவதை நிறுத்தவில்லை. "தெரியும்ண்ணே" என்றார். "எங்கம்மா சொல்லும், பக்கத்து வீட்டுல பன்னி கத்துற சத்தத்துல உங்கப்பா காதுல பஞ்சு வச்சிக்கிட்டுத்தான் எழுதுவாருன்னு. பின்னால பன்னிக் கொட்டாய் உள்ள வீடு எங்க வீடா எப்படி இருக்கும்?" பிறகு எதற்காக அன்றைக்கு அப்படி அழுதீர்கள் என்று கேட்டேன். "எங்களுக்கும் ஒரு வீடு இருந்திச்சின்னு ஊரே போர்டு போட்டு வச்சிருக்குண்ணே. அழறதுக்கு அது போதும்" என்றார். நான் பொன்னாடையை மறுபடி பையிலேயே வைத்துக்கொண்டேன். வேறு யாரிடமும் சொல்லவில்லை, இனிச் சொல்லவும் போவதில்லை. பிறகு வந்த கணேசமூர்த்தி, சனிக்கிழமைகளில் வருகிறவர்களுக்குச் சுற்றிக்காட்ட ஆள் இல்லை என்றார், நான் ஒத்துக்கொண்டேன். குளோரியாவும் வருகிறாள், அடுப்பங்கரைப் பக்கம் தான் பார்த்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டாள். நோட்டு விஷயம் மட்டும் லோகேஸ்வரிக்குத் தெரியாமல் இருந்தது, அதையும் சொல்லிவிட்டேன். அவர் சிரித்தார். தன் அப்பா எழுதியதெல்லாம் சங்கம், சம்பளம், செங்கொடி, அவர் ஒருநாளும் யாருக்காகவும் காத்திருந்தவர் இல்லை, படித்தபோதே இது வேறு கை என்று பட்டதாம். குடும்ப உரிமை என்று கணேசமூர்த்தியிடம் சொல்லி, அச்சுக்குப் போக இருந்த நோட்டை அப்போதே பெட்டியிலிருந்து வாங்கிப் பையில் வைத்துக்கொண்டார். வருகிற திங்கட்கிழமை காலை ரயிலில் தைப்பிங்குக்கு உங்களைப் பார்க்க வருகிறார், நான்தான் விலாசம் கொடுத்தேன். யார் வரவில்லை என்று கேட்கவே மாட்டாராம். அதற்குப் பிறகு நீங்கள் என்ன எழுதினீர்கள் என்று மட்டும்தான் கேட்பாராம். அத்தானை அன்று மத்தியானம் எங்காவது அனுப்பிவிடுங்கள்.